காலி நாற்காலியும் கலெக்டர் புராணமும்

பேரிடர் நேரத்தில் உள்ளாட்சி மன்றங்களுக்கு என்ன வேலை என்று கேட்டு, ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் நாளிதழ் நடுப்பக்கத்தில் எழுதியிருக்கிறார். அவர் பெயர் இங்கே தேவையில்லை. அவர் ஒருவருடைய கருத்து மட்டும் என்றால் படித்துவிட்டு மடித்து வைத்திருக்கலாம். கோட்டையிலும் எழிலகத்திலும் அறைக்கு அறை கேட்கிற பேச்சு இது. மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டே சொல்வதை இவர் அச்சில் ஏற்றிவிட்டார்.

அவர் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: புயலும் வெள்ளமும் போர் மாதிரி. போருக்கு ஒரே தளபதி வேண்டும், மாவட்டத்தில் அது கலெக்டர். ஊராட்சித் தலைவருக்குப் பயிற்சி கிடையாது, ஆள் கிடையாது, பணம் கிடையாது. கைக்கு வருகிற கொஞ்சநஞ்சத்தையும் தன் சாதிக்காரருக்கும் கட்சிக்காரருக்கும் பங்கு வைத்துவிடுவார். அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையிலும் பேரிடர் மேலாண்மை இல்லை. ஒடிசா அதிகாரிகளை நம்பித்தான் ஜெயித்தது. ஆகவே ஊராட்சித் தலைவர் முகாமில் சால்வை போட்டுக்கொள்ளட்டும், வேலையை அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒடிசாவிலிருந்தே ஆரம்பிக்கலாம், அவருடைய துருப்புச் சீட்டு அதுதானே. 1999 அக்டோபரில் வந்த பெரும்புயலில் அங்கே பத்தாயிரம் பேர் அளவில் செத்தார்கள். 2013இல் பைலின் வந்தபோதும் 2019இல் ஃபானி வந்தபோதும் லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். ஃபானிக்கு மட்டும் சுமார் 12 லட்சம் பேர். சாவு பத்துகளில் அடங்கியது. இதில் அதிகாரிகளின் பங்கு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் கடற்கரை நெடுக எழுப்பிய புயல் பாதுகாப்பு மையங்கள் ஒவ்வொன்றையும் பராமரிப்பது யார்? உள்ளூர்க் குழு. பஞ்சாயத்துப் பிரதிநிதிகளும் ஊர் இளைஞர்களும் அதில் இருக்கிறார்கள். ஜெனரேட்டர் ஓடுகிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் தாத்தாவை யார் தூக்கி வருவது என்று பார்க்கிறவர்கள் அவர்கள். இன்னொன்றும் உண்டு. கொரோனா முதல் அலையின்போது, 2020 ஏப்ரலில், வெளியூரிலிருந்து திரும்புகிறவர்களைத் தனிமைப்படுத்த ஒடிசா அரசு கிராமத் தலைவர்களுக்கு அவரவர் எல்லைக்குள் கலெக்டரின் அதிகாரத்தையே கொடுத்தது. கலெக்டரை நம்பி ஜெயித்த மாநிலம் என்று நம் ஆள் எழுதுகிறார். அந்த மாநிலமோ நெருக்கடி வந்ததும் கலெக்டர் அதிகாரத்தைச் சர்பஞ்ச் கையில் கொடுத்தது. உதாரணம் தேடும்போது அவர் இன்னும் நாலு பக்கம் புரட்டியிருக்கலாம்.

அடுத்து சட்டம். பணியில் இருந்த காலமெல்லாம் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் காட்டி ஆணைகளில் கையெழுத்துப் போட்டவர், அதே சட்டத்தின் 25ஆம் பிரிவை எப்படி மறந்தார் என்பது எனக்குப் புரியவில்லை. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர், சரி. கூடவே ஓர் இணைத் தலைவரும் உண்டு, அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி. மாவட்ட ஊராட்சி இருக்கிற இடத்தில் அதன் தலைவரே இணைத் தலைவர். 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பு தனக்கென்று பேரிடர்த் திட்டம் வகுக்க வேண்டும். 41ஆம் பிரிவு இன்னும் வெளிப்படை: ஊழியர்களுக்குப் பயிற்சி, தயார் நிலையில் சாதனங்கள், நிவாரணம், மறுவாழ்வு, மறுகட்டுமானம் எல்லாம் உள்ளாட்சியின் கடமை. சால்வை பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பதினோராவது அட்டவணை விஷயத்தில் அவர் சொல்வது எழுத்தளவில் சரி. 29 இனங்களில் பேரிடர் மேலாண்மை தனி இனமாக இல்லை. ஆனால் குடிநீர் இருக்கிறது. சிறுபாசனம், சாலை, சிறுபாலம், படகுத்துறை, நீர்வழி இருக்கிறது. சுகாதாரம் இருக்கிறது. பொது விநியோகம் இருக்கிறது. வெள்ளம் வந்த ஊரில் இவற்றைத் தவிர வேறு என்ன பிரச்சினை என்று அவரே சொல்லட்டும்.

இப்போது அவருடைய முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். உள்ளாட்சிக்குத் திராணி இல்லை என்கிறார். திராணி எப்படி இல்லாமல் போனது என்று ஒரு வரி எழுதவில்லை.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் அறிவிப்பு நீதிமன்றத்தில் ரத்தாக, அப்புறம் வார்டு வரையறை, வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டே போனது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் நடந்தது 2019 டிசம்பர் கடைசியில். மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. இங்கே சென்னைக்கு ஐந்து ஆண்டுக்கும் மேல் மேயரே கிடையாது.

அந்த இடைவெளியில் என்ன வந்தது? 2016 டிசம்பரில் வர்தா. 2017 நவம்பரில் ஒக்கி. 2018 நவம்பரில் கஜா. மூன்று புயல், ஒரு ஊராட்சித் தலைவர் இல்லை. ஒரு கவுன்சிலர் இல்லை. சட்டம் போட்டுவைத்த இணைத் தலைவர் நாற்காலியில் உட்கார எந்த மாவட்டத்திலும் ஆள் இல்லை. நம் கட்டுரையாளர் கனவு காணும் ஏற்பாடு மூன்று ஆண்டுகள் முழுசாக நடைமுறையில் இருந்தது. எதிரே குறுக்கிட அரசியல்வாதி கிடையாது, ஒரே தளபதி, ஒரே கட்டளை. அதன் விளைச்சலைத்தான் டெல்டா பார்த்தது.

கஜாவை நியாயமாகவே பேசுவோம். கரை கடப்பதற்கு முன்பு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவரே பாராட்டினார். மேலிருந்து கட்டளை போட்டுச் செய்யக்கூடிய வேலை அது, ஒழுங்காகத்தான் நடந்தது. மறுநாள் விடிந்ததும்தான் எல்லாம் கழன்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். அதை டிராக்டரில் ஏற்றி ஒரு மோட்டாரிலிருந்து அடுத்த மோட்டாருக்கு இழுத்துப்போய், தொட்டி நிறையும்வரை காத்திருந்து, டீசல் தீர்ந்தால் மறுபடியும் காசு வசூலித்தார்கள். ஊராட்சித் தொட்டி, ஊராட்சி மோட்டார், ஊராட்சிக் குழாய். ஊராட்சி மட்டும் இல்லை. ஒன்றியம் முழுவதற்கும் தனி அலுவலராக வட்டார வளர்ச்சி அலுவலர் இருந்தார். மாநிலத்தில் 12,500க்கும் மேற்பட்ட ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். ஓர் அலுவலர் தலையில் சராசரியாக 32 ஊர். மரம் விழுந்த சாலையில் அவர் எத்தனை ஊருக்குப் போவார்?

போகவில்லை, போகவும் முடியாது. மக்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்களுக்குத் தீ வைத்தார்கள். அதை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். ஆனால் ஒரு ஊரே கொதித்து நிற்கும்போது முன்னால் போய், ‘கொஞ்சம் பொறுங்கப்பா, நான் பேசுறேன்’ என்று சொல்ல அந்த ஊர் ஓட்டுப் போட்டு வைத்த ஒரு ஆள் இல்லாமல் போனதையும் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும்? கூட்டத்துக்கு முன்னால் நின்றது போலீஸ் வேன். பேச்சுவார்த்தை அப்படித்தான் முடியும்.

சென்னைக் கதையையும் பார்ப்போம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் சில கவுன்சிலர்களைக் காணவில்லை, போனை எடுக்கவில்லை என்று வேளச்சேரிப் பக்கம் மக்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். கட்டுரையாளர் இதை ஆனந்தமாக எடுத்துக்காட்டுகிறார். திட்டு வாங்கியவர்களில் பலர் அதற்குத் தகுதியானவர்களே. ஆனால் திட்டுவதற்கு ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் இருந்தது, அடுத்த தேர்தலில் அந்த முகம் மறுபடியும் தெருவுக்கு வந்தாக வேண்டும். வர்தாவில் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

பணம் இல்லை என்ற குறைக்கும் இதே பதில்தான். மாநிலப் பேரிடர் நிவாரண நிதி மாநில அரசின் கையில் இருக்கிறது. மாவட்டத்துக்கு வந்தால் கலெக்டர் கையில். 2021-26இல் ஊராட்சிக்கு நேராக வந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் என்று முன்பே முடிச்சுப் போட்டு வந்தது. ஏரி உடைந்த இரவில் ஜேசிபி கூப்பிட்ட தலைவர் தன் பையிலிருந்து வாடகை கொடுத்துவிட்டு, அப்புறம் பில்லோடு ஒன்றிய அலுவலகப் படிக்கட்டு ஏற வேண்டும். ஏரியிலும் பாகப்பிரிவினை உண்டு. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்றால் ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. பெரிய கண்மாயின் ஷட்டரைத் தூக்க அந்தத் துறையின் ஊழியரான லஸ்கர் வர வேண்டும். மடை எங்கே கசிகிறது என்று தெரிந்த ஊருக்குக் கைவைக்க அதிகாரம் இல்லை. கையைக் கட்டிக் குளத்தில் தள்ளிவிட்டு, நீந்தத் தெரியாதவன் என்று சான்றிதழும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

போர், தளபதி என்ற அந்த உவமைக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தே அவ்வளவு பெய்யாது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்தின் அடியில் ஜல்லி முழுக்க அடித்துக்கொண்டு போய், இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. உள்ளே சுமார் எண்ணூறு பயணிகள். போன் இல்லை, மின்சாரம் இல்லை, நாலு பக்கமும் தண்ணீர். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பு அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்து ஊர்க்காரர்கள். தங்கள் வீட்டிலும் தண்ணீர் நிற்க, இருந்த அரிசியைப் பொதுவில் கொட்டிச் சமைத்தார்கள். கலெக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சாலையே இல்லாதபோது அவர் எப்படி வருவார்? நான் சொல்வதே அதுதான். தளபதியின் குரல் அறுந்துபோகிற அந்த முதல் இரண்டு நாளுக்குத்தான் பேரிடர் என்று பெயர். அந்த நேரத்தில் ஊரில் யார் இருக்கிறாரோ அவர்தான் நிர்வாகம். அவருக்கு முன்கூட்டியே அதிகாரமும் கையிருப்பும் கொடுத்து வைத்திருக்கிறோமா இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

எச்சரிக்கை எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். சென்னையில் கிளம்புகிற செய்தி மாவட்டம், கோட்டம், வட்டம், பிர்கா என்று படிப்படியாக வந்து வி.ஏ.ஓ.விடம் சேரும். பல இடங்களில் அவருக்குப் பக்கத்துக் கிராமத்தின் கூடுதல் பொறுப்பும் இருக்கும், வீடு டவுனில் இருக்கும். அவருக்குக் கீழே தலையாரி. அதோடு ஏணி முடிந்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவு தாண்டி ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தார்கள். பல முறை எச்சரித்தோம் என்றது அரசு. எங்கள் காதுக்கு எட்டவில்லை என்றார்கள் தென்பெண்ணைக் கரை ஊர்க்காரர்கள் பலர். இரண்டு பேரும் உண்மை சொல்லியிருக்கலாம். ஏணியின் கடைசிப் படிக்கும் தெருவுக்கும் நடுவில் செய்தி விழுந்துவிடுகிறது.

அந்த இடத்தில் நிற்கும் ஆள் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். விடியுமுன் வால்வு திறக்கிறவர், அதே ஊர்க்காரர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டால் எந்த வீட்டம்மா சண்டைக்கு வருவார் என்பது அவருக்கு மனப்பாடம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டி எந்த வீட்டில், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண் எந்த வீட்டில், எந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போயிருக்கிறது என்றெல்லாம் எந்தக் கட்டுப்பாட்டு அறைத் திரையிலும் தெரியாது, இவருக்குத் தெரியும். பேரிடர்ப் பயிற்சி வகுப்பில் இவரை உட்காரவைத்து ஒரு டார்ச்சும் ஒரு மைக்செட்டும் கொடுக்க எத்தனை கோடி ஆகும்? 2004 சுனாமி அன்று புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தைக் காப்பாற்றியது இப்படி ஒரு ஒலிபெருக்கிதான். சிங்கப்பூரில் இருந்த ஊர்ப்பிள்ளை போன் செய்தார், கிராமத் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் எழுந்து ஓடியது. அலை உயரமும் மீன் விலையும் சொல்லிக்கொண்டிருந்த கருவி அது. உத்தரவு எங்கிருந்தும் வரவில்லை.

சாதி பற்றி அவர் எழுதியிருப்பதுதான் கட்டுரையிலேயே கனமான பகுதி, அதை ஊதித் தள்ள முடியாது. நிவாரணத்தில் சாதி பார்க்கிறார்கள். சேரிக்குப் பொட்டலம் கடைசியில்தான் வருகிறது, சில இடங்களில் வருவதே இல்லை. சுனாமிக்குப் பிறகு நாகை, கடலூர் கரையில் நிவாரணப் பட்டியலில் தலித் கூலித் தொழிலாளர்களும் ஆண் துணையில்லாத பெண்களும் விடுபட்டது அன்றே பதிவானது. ஆனால் அந்தப் பட்டியலைப் போட்டது எந்தப் பஞ்சாயத்து? மீனவர் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்து. ஓட்டுப் பெட்டி வழியாக வந்தது இல்லை, ஒரே சாதியின் ஆண்கள் உட்காரும் சபை. அதோடு கைகோத்தது யார்? மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும். அதிகாரிகளுக்கு அது சௌகரியம்: நாலு பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசினால் வேலை முடிந்தது. இடஒதுக்கீட்டில் வந்த தலித் தலைவரையும் பெண் வார்டு உறுப்பினரையும் தேடிப் போக நேரம் ஏது? அந்தப் பாவத்தை இன்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியின் தலையில் கட்டுகிறார். இரண்டும் பஞ்சாயத்துதானே என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஊராட்சியில் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் உண்டு. பெண்களுக்குப் பாதி. அந்த நாற்காலிக்கு மதிப்பு இருந்ததால்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து ஆண்டுகள் ஒழுங்காகத் தேர்தல் நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். 1997இல் மேலவளவில் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். ஆதிக்க சாதி எதைக் கண்டு பயந்ததோ, அதையே சாதியைக் காரணம் காட்டிப் பிடுங்கிவிடலாம் என்கிறார் நம் சீர்திருத்தவாதி.

ஊழல் தலைவர்கள் உண்டு. மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஆட்சி நடத்தும் கணவன்மார் ஏராளம். அவர்களை என்ன செய்யலாம்? கிராம சபையில் கேள்வி கேட்கலாம். ஐந்தாண்டில் தோற்கடிக்கலாம். பொறுக்க முடியாவிட்டால் ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவில் அவரைப் பதவியைவிட்டே நீக்கலாம், அந்த அதிகாரம் இருப்பதும் கலெக்டரிடம்தான். நிவாரணப் பட்டியலில் பெயர் விட்ட தாசில்தாரை என்ன செய்யலாம்? திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். அந்த மனு, தக்க நடவடிக்கைக்காக, அதே தாசில்தாருக்கே போகும்.

ஓட்டுக்காரர்களுக்குத் தொலைநோக்கு இருக்காது என்றும் ஒரு வரி வருகிறது. ஜப்பானில் ஃபுடாய் என்று சின்ன மீனவக் கிராமம். அதன் தலைவர் கொடோகு வமுரா, வீண் செலவு என்று பலர் ஏசியதைப் பொருட்படுத்தாமல் 15.5 மீட்டர் உயர வெள்ளக் கதவைக் கட்டவைத்தார், 1984இல் முடிந்தது. 2011 சுனாமியில் சுற்றுவட்டாரம் அழிந்தபோது அந்த ஊர் நின்றது. அந்த நாட்டில் மக்களை வெளியேறச் சொல்லும் உத்தரவைப் போடும் பொறுப்பு சட்டப்படி ஊர் மேயருக்குத்தான்.

நாமோ எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். 2025 திருத்தச் சட்டத்தில் மாநகரங்களுக்கென்று நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கொண்டுவந்திருக்கிறார்கள். தலைவர் மாநகராட்சி ஆணையர். துணைத் தலைவர் கலெக்டர். மற்ற உறுப்பினர்களை மாநில அரசு பார்த்துப் போடும். மேயருக்கு அங்கே நிச்சயமான இடம் இல்லை. மாவட்ட அளவிலாவது 2005இல் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், நகரத்துக்கு அதுவும் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஆகவே கட்டுரையாளர் கவலைப்படத் தேவையில்லை, தில்லி அவர் பக்கம்தான்.

தமிழ்நாடும் அவர் பக்கம்தான். 2019இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 உடன் முடிந்தது. மாவட்டப் பிரிப்புக்குப் பிறகு 28 ஆகிவிட்ட அந்த மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர்கள். அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழை வந்து போனபோதும் இணைத் தலைவர் நாற்காலி அங்கே காலிதான். அடுத்த கட்டுரை எழுதும்போது அவர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினால் போதும்: 32 ஊருக்குத் தனி அலுவலராக இருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர், தண்ணீர் வருகிற ராத்திரியில் எந்த ஊரில் இருப்பார்?